ஊதுபத்திப் புகை நுழையாத வேலி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்து எழுந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

"சார், எடது கால் சுண்டு விரல வுட்டுட்டீங்க."

குனிந்து பார்த்தேன். உண்மைதான், விட்டிருந்தேன். மறுபடி உட்கார்ந்து அதையும் வெட்டினேன்.

"ஆங், இப்ப சரியா கீது" என்றார் அவர்.

வேலி போட வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் எங்கள் மனைப்பிரிவு வரும். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே முப்பது அடி நீளத்துக்குக் கம்பி வலை மட்டும்தான் இருந்தது. அதுவும் துருப்பிடித்து, நடுவில் தொய்ந்து, இரண்டு பக்கமும் பாகற்கொடி ஏறிக் கிடந்தது. கொடியில் இலை இருந்த இடத்தில் மறைப்பு, இல்லாத இடத்தில் அவர் முகம்.

அவருக்கு அறுபது வயது இருக்கும். இந்த மனைப்பிரிவு மொத்தமும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நிலம். விற்றது போக மிச்சத்தில் பொத்தேரியில் மூன்று வீடுகள் கட்டி, காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மாதத்தில் ஒரு நாள் வாடகை வாங்கப் போவார். மற்ற நாட்களில் அவருக்கு வேலை எதுவும் கிடையாது. அந்த நேரம் முழுவதையும் அவர் எங்களுக்குக் கொடுத்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இன்னா சார், இன்னிக்கி இட்லியா? சாம்பார் வாசன தூக்குது." "சார், அந்த நீலச் சட்ட இன்னும் காயல, இப்ப எடுக்காதீங்க." "கறிவேப்பிலைக்கி மோர் ஊத்துங்க சார், நான் சொல்லி மூணு நாளாவுது."

நான் தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பள்ளிக்கூடத்துக்கான நோட்ஸ் புத்தகங்கள் அடிக்கும் அச்சகம். நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிற வேலை. ரயிலுக்குக் கிளம்பும் முன் காலையில் அரை மணி நேரம், காபி டம்ளரோடு தோட்டத்தில் சும்மா உட்கார வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. அந்த அரை மணி நேரத்தில் அவர் இருபத்தெட்டு நிமிடம் பேசினார்.

முதலில் சுவர்தான் எழுப்ப நினைத்தோம். கொத்தனார் வந்து பார்த்தார். எல்லைக் கோட்டுக்கு நேர் கீழே கழிவுநீர்க் குழாய் போகிறது, அஸ்திவாரம் தோண்டினால் இரண்டு வீட்டுக் குழாயும் உடையும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை என் மனைவி செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ வெளிநாட்டுத் தோட்டம். ஆறடி உயரத்துக்கு மர வேலி. பலகைகளெல்லாம் படுக்கைவாட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"இது மாதிரிங்க. படுக்கப் போட்டாத்தான் தோட்டம் அகலமாத் தெரியும்" என்றாள்.

எனக்கு அகலத்தைப் பற்றிக் கவலை இல்லை. இடைவெளி இல்லை என்பதுதான் என் கண்ணில் பட்டது.

மறுநாள் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது பாகற்கொடிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார்.

"இன்னா சார் அளக்கறீங்க?"

"வேலி போடலாம்னு இருக்கோம்ணா. மரத்துல."

"எதுக்கு சார் வேலி?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் குடிவந்த அன்று எங்கள் ஃபிரிட்ஜை வண்டியிலிருந்து இறக்கித் தோளில் சுமந்து வந்தவர் அவர். மோட்டார் கெட்டுப்போன வாரம் முழுக்கத் தன் வீட்டிலிருந்து குழாய் போட்டு எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"தூசிண்ணா" என்றேன். "எனக்குத் தூசி ஒத்துக்கல. அலர்ஜி. டாக்டர் காத்து நேரா வர்ற பக்கத்த மறைக்கச் சொல்லிட்டார். இடைவெளியே இருக்கக்கூடாதாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"எத்தினி நாளா சார்?"

"கொஞ்ச நாளாத்தான்."

"பக்கத்து வூட்லயே கீறேன், எனக்குத் தெரியலயே சார்" என்று தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாள் காலை கம்பி வலைக்கு மேல் ஒரு பை வந்தது. பை நிறையத் தூதுவளை. என் மனைவி ரசம் வைத்தாள். நான் குடித்தேன், ஏனென்றால் அவர் அந்தப் பக்கம் நின்று, குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஆடாதொடை வந்தது. அது எவ்வளவு கசக்கும் என்று குடித்தவர்களுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து காலை வணக்கம் என்பதே எங்களுக்குள் கிடையாது. "மூச்சு எப்டி கீது சார்?" என்பதுதான் வணக்கம்.

அவர் என்னோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் நான் கேட்காமலே முகக்கவசம் எடுத்து வைத்தார். தெருமுனையில் பஜ்ஜி போடுகிற அம்மா, "எண்ணெ ஆவாது சார் ஒனக்கு" என்று சொல்லி எனக்கு மட்டும் பஜ்ஜி தர மறுத்தாள். ஒரு நாள் காலை மின்சார ரயிலில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து நின்று, "ஒக்காருங்க சார், நம்ம அண்ணன் சொன்னாரு" என்றார். மறுத்தால் அண்ணனைப் பொய்யராக்கின மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று ஊரப்பாக்கம் வரும்போது ஒரு தடவையும் வண்டலூரில் ஒரு தடவையும் இருமினேன்.

இதற்கிடையில் ஆசாரி கிடைத்தார். ஊரப்பாக்கம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய். தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வரும் பெரிய மரப்பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகையில் கட்டில், பெஞ்சு எல்லாம் செய்து கொடுப்பவர். அமைதியான மனிதர். வந்து இடத்தைப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார்.

"சார், பலகைய நிக்க வெச்சிப் போடுவோம். மழத் தண்ணி நேரா எறங்கிடும். படுக்கப் போட்டா ஒவ்வொரு மூட்டுலயும் தண்ணி தங்கும். ரெண்டாவது, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு வெரல் கேப் வுடணும். காத்து போவணும், மரம் மூச்சு வுடணும். மூணாவது, அடிப் பலகை தரையில படக்கூடாது. அரையடி தூக்கித்தான் போடணும்."

முதலாவதை என் மனைவி மறுத்தாள். இரண்டாவதை நான் மறுத்தேன். மூன்றாவதை மறுத்தது, அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்.

"இன்னா பாய், வெவரம் தெரியாம பேசறீங்க? தூசி மேலயா வருது? தரையோட தரையாத்தான் வரும். கீழ அரையடி தொறந்து வுட்டா சார் கதி இன்னாவறது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் இருமினேன்.

வேலை ஆவணியில் ஆரம்பித்தது. இரும்புக் குழாய்களைக் கால்களாக நட்டார்கள். கீழே கழிவுநீர்க் குழாய் போனதால் ஒன்றரை அடிக்கு மேல் குழி தோண்ட முடியவில்லை. "ஆழம் பத்தாது சார்" என்று பாய் நான்கு தடவை சொன்னார். பிறகு பலகைகளை இழைத்தார். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் பாதிக் கனத்தைச் சீவி எடுத்து, ஒன்றின் உதடு மற்றொன்றின்மேல் ஏறி உட்காரும்படி செய்தார். பார்க்கவே அழகாக இருந்தது. ஒரே ஒரு விஷயம், பெட்டியில் அச்சடித்திருந்த குறிகள் சில இழைத்த பிறகும் போகவில்லை. ஒரு பலகையில் ஒயின் கிளாஸ் படம், இன்னொன்றில் குடை. மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறிகள், பலகை படுத்துவிட்டதால் எல்லாமே பின்பக்கக் காலிமனையைக் காட்டின.

"குடை போட்டா இன்னா அர்த்தம் பாய்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"மழையில வெக்கக்கூடாதுன்னு அர்த்தம்" என்றார் பாய், தலை நிமிராமல்.

மூன்றாம் நாள் நான்கு வரிசை ஏறியிருந்தது. அன்று நான் லீவு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கட்டு ஊதுபத்தியோடு வந்தார். கண்ணால் பார்த்தால் தெரியாத ஓட்டையும் புகைக்குத் தெரியும் என்றார். அவர் அந்தப் பக்கம் ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகப் பிடித்துக்கொண்டு வர, நான் இந்தப் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு தவழ்ந்து வந்தேன்.

"வருதா சார்?"

"இங்க இல்லண்ணா."

"இங்க?"

"லேசா வருது."

"பாய்! இங்க வருதாம். புடுங்குங்க."

பாய் பலகையைக் கழற்றி, ஓரத்தை ஒரு மயிரிழை சீவி, மறுபடி பொருத்தினார். மறுபடி புகை. மத்தியானத்துக்குள் பதினோரு பலகை கழன்று ஏறியது. மரத்தில் முடிச்சு உதிர்ந்த ஓட்டைகளை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தார். மூன்றாவது ஊதுபத்திக் கட்டு தீர்ந்தபோது தோட்டம் முழுக்கச் சந்தன வாசனை. தெருவில் போன இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன பூஜைங்க?" என்று கேட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

பாய் உளியைக் கீழே வைத்தார். "சார், முப்பது வருசமா வேல செய்யறேன். மூக்க வெச்சி வேலிய செக் பண்ணதில்ல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேந்து பெரிய பேஜாரு பண்றீங்க."

அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதானால், அன்று எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. தப்பு தேடுவது என் தொழில். என்னோடு சேர்ந்து அவ்வளவு கவனமாகத் தப்பு தேடிய ஆள் அச்சகத்தில்கூட யாரும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் தவழ்ந்துவரும் அந்த மனிதரை ஒழிப்பதற்காகத்தான் இந்த வேலை நடக்கிறது என்பதே எனக்கு இடையிடையே மறந்துபோனது.

கடைசி நாள் அவரே சிமெண்ட் குழைத்து, அடிப் பலகைக்குக் கீழே முப்பது அடி நீளத்துக்கும் ஒரு கரை கட்டினார். "எறும்புகூட வராது சார். நிம்மதியா மூச்சு வுடுங்க" என்று வேலிக்கு மேலாகக் கையை மட்டும் நீட்டி ஆட்டினார். அதன்பிறகு அந்தக் கையும் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்தேன். எதிரே பலகைகள். ஒரு குடை, ஒரு கிளாஸ், ஏழெட்டு அம்புக்குறிகள். சத்தமே இல்லை. எனக்கிருந்த ஆனந்தத்தில், பிஸ்கட் தட்டோடு வந்த என் மனைவியிடம் சாதாரணக் குரலில் சொன்னேன்:

"அப்பாடா. இனிமே அந்த ஆளு மூஞ்சியப் பாக்க வேணாம். தூசியாவது, அலர்ஜியாவது. வேலி போட்டதே அவருக்காகத்தானே."

வேலிக்கு அந்தப் பக்கம், என்னிடமிருந்து நான்கடி தூரத்தில், தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள். அதுவரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததே அது நின்றபோதுதான் காதில் பட்டது. பிறகு ஒரு தொண்டைச் செருமல். பிறகு செருப்புச் சத்தம், மெதுவாக, வீட்டை நோக்கிப் போனது.

என் மனைவி தட்டைக் கையில் வைத்தபடியே நின்றாள். கம்பி வலை இருந்தபோது அவர் நிற்கிறாரா இல்லையா என்று பார்த்துவிட்டுப் பேசலாம். இப்போது பார்க்க வழியில்லை. ஊதுபத்திப் புகைகூட நுழையாத அந்த வேலியில் என் பேச்சு தாராளமாக நுழைந்திருந்தது.

"போய் மன்னிப்புக் கேளுங்க" என்றாள்.

நான் போகவில்லை. முதல் நாள் போகாததால் இரண்டாம் நாள் போவது கஷ்டமாக இருந்தது, இரண்டாம் நாளும் போகாததால் மூன்றாம் நாள் இன்னும் கஷ்டம். அப்படியே இரண்டு மாதம் ஓடியது. தெருவில் எதிரே வந்தால் அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். ஒரு தடவை அந்த போன் காதில் இருக்கும்போதே மணியடித்தது. இரண்டு பேருமே கேட்காத மாதிரி நடந்தோம்.

காலையில் அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கறிவேப்பிலை பழுத்து உதிர்ந்தது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று இருமினேன். அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விழும் சத்தம் சட்டென்று நின்றது. காத்திருந்தேன். மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது. மறுநாள் கொஞ்சம் பலமாக இருமினேன். அன்றும் நின்றது, மறுபடி ஓடியது. இது ஒரு வாரம் நடந்தது. எனக்குத் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. ரயிலில் இன்னும் எனக்கு இடம் கிடைத்தது. பஜ்ஜி இன்னும் மறுக்கப்பட்டது. அப்படியானால் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பின்கதவைத் திறந்தால் தோட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் மனை சற்று மேடு. எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் எப்போதும் அவர் கொல்லை வழியாக ஓடிப் பின்னால் இருக்கும் கால்வாயில் விழும். இந்த வருஷம் அதற்கு வழியில்லை. உப்பிப் பருத்த பலகைகள் ஒன்றோடொன்று இறுகிவிட்டிருந்தன. கீழே அவர் கட்டிய சிமெண்ட் கரை. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. பாயின் வேலைத் திறமையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். வேலி வயிறு தள்ளிக்கொண்டு அவர் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து முதல் குரல் வந்தது.

"சார்! ஒங்க பக்கம் எவ்ளோ தண்ணி கீது?"

"முட்டிக்கு மேலண்ணா!"

"இங்க ஒண்ணுமே இல்ல சார்! வேலி வருது சார்! நான் புடிச்சிகினு கீறேன்!"

நான் எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி, அவர் வீட்டுக் கேட்டைத் திறந்து கொல்லைக்குப் போனேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகை வேலியில் முட்டுக் கொடுத்துக் கால்களை மண்ணில் ஊன்றி நின்றிருந்தார். நானும் பக்கத்தில் முதுகைக் கொடுத்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் என் தோட்டத்துத் தண்ணீர் மொத்தமும் தள்ளியது. முன்னால் அவர் கொல்லையில் வெண்டைச் செடிகள் நிம்மதியாக நனைந்துகொண்டிருந்தன.

ஓடவும் முடியாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியாது. பேசத்தான் முடியும்.

"அண்ணா, அன்னிக்கி நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லா ஊணிக்கோங்க சார், வழுக்குது."

"தப்புண்ணா. தூசின்னு பொய் சொன்னதும் தப்பு."

அவர் காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். பிறகு, "மூஞ்சியே புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம் சார். நான் இன்னா, திரும்பி ஒக்காந்திருப்பேன்" என்றார்.

"மூஞ்சி இல்லண்ணா. பேச்சுதான். காலையில கொஞ்சம் பேசாம இருக்கணும் எனக்கு."

"எனக்கு மட்டும் பேசணும்னு ஆசையா சார்?" அவர் குரல் உயர்ந்தது. "காலங்காத்தால ஒருத்தரு நாற்காலி போட்டுகினு நம்ம வூட்டையே பாத்துகினு ஒக்காந்துகினு கீறாரு. தெனமும். அவர வெச்சிகினு பேசாம எப்டி இருக்கறது? மரியாதயா இருக்குமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. மற்ற இரண்டு பக்கம் சுவர், ஒரு பக்கம் வீடு. திறந்திருந்தது இந்தப் பக்கம்தான். என் நாற்காலி எப்போதும் இந்தப் பக்கம் பார்த்துத்தான் கிடந்தது. நான் பார்த்தது ஆகாயத்தை, அல்லது எதையுமே பார்க்கவில்லை. ஆனால் ஆகாயத்துக்குக் கீழே அவர்களுடைய கொல்லை இருந்தது.

அப்போது சமையலறை வாசலில் குடையோடு நின்ற அவர் மனைவி பேசினார். நாங்கள் குடிவந்த ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. காலையில நான் கொல்லப்பக்கம் வர்றதே இல்ல. பாத்திரம் தேய்க்கக்கூட உள்ளதான். தலய விரிச்சிப்போட்டு காய வெக்க முடியாது. நீங்க ஒக்காந்திருப்பீங்க. அதான் இவரப் போய்ப் பேச்சுக் குடுன்னு அனுப்புவேன். பேச்சுக் குடுத்தா எழுந்து உள்ள போயிடுவீங்கன்னு பாத்தேன். நீங்க போறதே இல்ல."

இருபத்தெட்டு நிமிடம் அவர் பேசினார் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அவருக்கு அது தினசரி டியூட்டியாக இருந்திருக்கிறது.

"இந்த ரெண்டு மாசந்தான் நான் வெளிய ஒக்காந்து காப்பி குடிச்சேன்" என்றார் அந்த அம்மா. "வேலிய வுட்டுடாதீங்க. ரெண்டு பேரும் கெட்டியாப் புடிங்க."

பிடித்தோம். அந்த அம்மாவுக்காக நிஜமாகவே பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவி ஒரு வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு சமையலறைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாளாம். அது பிற்பாடு தெரிந்தது. சுமார் கால் மணி நேரம் நின்றிருப்போம். பிறகு வேலியின் கால்கள் பெயர்ந்தன. ஒன்றரை அடி ஆழம் பத்தாது என்று பாய் நான்கு தடவை சொன்ன கால்கள்.

"வுட்டுட்டு ஓடுங்க சார்!"

ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தோம். வேலி உடையவில்லை. ஒரு பலகைகூடக் கழலவில்லை. முப்பது அடியும் ஒரே துண்டாக, அவசரமே இல்லாமல், வெண்டைச் செடிகள்மேல் போய்ப் படுத்தது. அதன்மேல் ஏறி எங்கள் தோட்டத்துத் தண்ணீர் மொத்தமும் வந்தது. கூடவே இரண்டு பூந்தொட்டி, என் மனைவியின் ஒரு செருப்பு, கடைசியாக, மெதுவாகச் சுழன்றுகொண்டு, என் பிளாஸ்டிக் நாற்காலி. அது நேராகச் சமையலறைப் படியில் போய் முட்டி நின்றது.

அவர் மனைவி குடையைச் சாய்த்து அதைப் பார்த்தார்.

"இதே நாற்காலிதான்" என்றார்.

மழை விட்டதும் பாய் வந்தார். விழுந்து கிடந்த வேலியின் மேல் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். அவர் காலுக்குக் கீழே ஒரு பலகையும் அசையவில்லை. அவர் முகத்தில் பெருமை இருந்தது, அதை மறைக்க முயற்சியும் செய்தார்.

"இப்டியே படுக்க வுட்டா இது நல்ல தரை" என்றார். "வேலிக்கி இது ஆவாது. இந்தத் தடவ நான் சொல்றத கேக்கறீங்களா?"

கேட்டோம். கழிவுநீர்க் குழாயை ஓரமாக மாற்றி, மூன்றடிக் குழி தோண்டினார். அடியில் அரையடி திறந்து விட்டார். பக்கத்து வீட்டுக்காரர், தான் கட்டிய கரையைத் தானே கடப்பாரையால் உடைத்தார். படுக்கைவாட்டை மட்டும் என் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு விரல் இடைவெளி விடுவோம் என்று பாய் சொன்னபோது, இந்தத் தடவை மறுத்தது பக்கத்து வீட்டு அம்மா. "கேப் வேணாம். ஒண்ணுகூட வேணாம்" என்று சமையலறைக்குள்ளிருந்தே சொன்னார். எங்கள் நான்கு பேரில் அவர் ஒருவர்தான் ஒரே பேச்சில் பாயை அடக்கியவர்.

வேலி மறுபடி நிமிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் கேட்டேன்: "அண்ணா, அலர்ஜி பொய்னு தெரிஞ்சப்புறமும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஒங்கள இன்னா நெனைப்பாங்க?" என்றார். "அதும் இல்லாம, தெருவுக்கே சொன்னது நானு. என்ன இன்னா நெனைப்பாங்க?"

அதனால் இன்றுவரை எனக்கு அலர்ஜி இருக்கிறது. ரயிலில் இடம் கிடைக்கிறது. பஜ்ஜி வேண்டுமென்றால் நான் பொத்தேரி வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

சித்திரை வெயில் ஆரம்பித்ததும் பலகைகள் காய்ந்து சுருங்கின. பாய் அதையும் சொல்லியிருந்தார். அங்கங்கே நூல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒரு நாள் காலை மரத்தூளும் பசையும் குழைத்துக்கொண்டு, குடை போட்ட பலகைக்கும் அதன் கீழ்ப் பலகைக்கும் நடுவே இருந்த ஓட்டையில் கத்தி முனையால் வைத்து அழுத்தினேன். உள்ளே போனது. கையை எடுத்ததும் திரும்பி வந்து என் பக்கம் விழுந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்தும் ஏதோ அழுத்தியது.

"யாரு?" என்றேன்.

"நான்தான் சார்" என்றது குரல். "வூட்ல அடைக்கச் சொன்னாங்க. நீங்க ஏன் சார் எதிர்ல தள்ளிகினு கீறீங்க?"

"நானும் அடைக்கறேண்ணா."

"ரெண்டு பேரும் ஒரே ஓட்டைய அடைச்சா எப்டி சார்? நீங்க மேல் வரிசய பாருங்க, நான் கீழ பாக்கறேன்."

சரி என்றேன். அன்று நான் ரயிலைத் தவறவிட்டேன். பத்து மணி வரைக்கும் மேல் வரிசையில் நானும் கீழ் வரிசையில் அவரும், பேசிக்கொண்டே, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டு போனோம்.